புதியவர்கள் மேலே

பிப்ரவரி 3, திங்கள்

வேலைக் குறிப்பு எழுதுவது எனக்குப் பழக்கம். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வாடிக்கையாளர் பின்னொரு நாள் சொல்லும்போது, அவர் சொன்னார் என்பது எனக்காவது தெரிந்திருக்கும். இதனால் வேறு பயன் இருந்ததில்லை.

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. இன்று முதல் வேலை.

காலையிலேயே ரத்தினவேல் அண்ணாச்சியின் போன். மதுரை சிம்மக்கல்லில் அச்சகம் வைத்திருப்பவர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் பிரதானத் தொழில். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு 'நெஞ்சில் நிறைந்தோர்' என்று ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். போஸ்டர் அடிக்க வருகிறவர்களின் அறிவிப்பை அதிலும் ஏற்றிவிடுவார். சுவரில் ஒட்டியதை மாடு தின்றுவிடும், நெட்டில் போட்டதை எந்த மாடும் தின்னாது என்று சொல்லித்தான் ஆள் பிடிக்கிறார்.

"தம்பி, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"இருக்கணும். அதான் முக்கியம்." கொஞ்சம் இடைவெளி விட்டார். நாகரிகமான அளவு இடைவெளி. "அப்புறம், நம்ம சைட்டுல தேடுற பெட்டி ஒண்ணு வேணும். எங்கப்பா எங்க இருக்காரு, எங்க சித்தி எங்க இருக்காங்கன்னு ஆளாளுக்கு எனக்குப் போன் பண்றாங்க. நான் என்ன எமதர்மனா?"

செய்துவிடலாம் என்றேன்.

பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். அவள் போனைச் சார்ஜில் போட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேடுபெட்டியை நாமே எழுதலாம். அல்லது வெளி நிறுவனம் ஒன்று ஆயத்தமாக வைத்திருப்பதை வாங்கி ஒட்டலாம். அவர்கள் கொடுக்கும் சில வரிகளைத் தளத்தின் தலைப்பகுதியில் வைத்தால் போதும். அவர்களுடைய இயந்திரம் வந்து நம் பக்கங்களையெல்லாம் படித்து, அட்டவணை போட்டுக்கொண்டு போய்விடும். பிறகு யார் என்ன தேடினாலும் அதுவே பதில் சொல்லும். நம் வீட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்பதை அடுத்த தெருக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"என்ன விளம்பரம்?"

சோதனைக்காகப் போட்டுக் காட்டினேன். ஓர் அமரரின் பெயரைத் தேடினால், அவருக்கு மேலே ஒரு கல்யாண மண்டபமும், வயதைக் குறைக்கும் களிம்பும் வந்தன.

அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார். "மண்டபம் இருக்கட்டும். களிம்பு கொஞ்சம் லேட்டு," என்றார். இலவசத் திட்டமே முடிவாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

எதை எதற்கு மேல் காட்டுவது என்பதில் இன்று விவாதம். தேடுகிற சொல்லுக்கு மிகவும் பொருந்துவதை முதலில் காட்டுவதுதான் அந்தக் கருவியின் இயல்பு. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றேன்.

"அதெப்படி? புதுச் சாவுதான மேல வரணும்?"

"பொருத்தமானது வந்தா நல்லதுண்ணாச்சி."

"தம்பி, நாப்பது வருசமா போஸ்டர் ஒட்டுறேன். பழைய போஸ்டர் மேல புதுசு ஒட்டுவமா, புதுசு மேல பழசு ஒட்டுவமா? இந்தா நிக்குற மாரியம்மன் கோயில் சுவத்தைச் சுரண்டிப் பாருங்க. எங்கய்யா ஒட்டுனது அடியில இருக்கும். தொழில்னு ஒரு முறை இருக்குல்ல."

முறைதான். மறைந்த தேதியை வைத்து, புதியவர்கள் மேலே என்று மாற்றினேன். ஒரு பெட்டியில் ஒரு டிக். வேலை முடிந்தது.

இதை இங்கே எழுதி வைப்பது, அப்படிச் சொன்னவர் அண்ணாச்சிதான் என்பதற்காக.

பிப்ரவரி 7, வெள்ளி

அவள் தம்பி சோமசுந்தரம் திண்டுக்கல்லிலிருந்து பேசினான்.

"மாமா, சாப்டீங்களா?"

"ஆச்சு மாப்ள."

"அம்மா கேக்கச் சொன்னாங்க. அக்காவுக்கு ஒரு அறிவிப்புகூடப் போடலையேன்னு சொந்தத்துல பேசிக்கிறாங்க. பேப்பர்லதான் போடல, உங்க சைட்டுலயாச்சும்…"

"என் சைட் இல்ல மாப்ள. அண்ணாச்சி சைட்."

"சரி, அண்ணாச்சி சைட். ஊர்ல உள்ள சாவெல்லாம் நீங்கதான ஏத்துறீங்க?"

நான் ஏற்றுவதில்லை, அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண்தான் ஏற்றுகிறாள், நான் படிவத்தைச் செய்து கொடுத்தது மட்டும்தான் என்று அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி மாமா, உடம்பப் பாத்துக்கங்க," என்றான்.

போஸ்டர் விஷயமும் இதேதான். சாவு வீட்டுக்கு மாலையோடு வந்த அண்ணாச்சி, பேரும் போட்டோவும் கொடுத்தால் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். அப்புறம் தருகிறேன் என்றேன். அப்புறம் என்பது இன்னும் வரவில்லை.

கீழ் வீட்டிலிருந்து ரசம் கொடுத்தனுப்பினார்கள். கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வெளி நிறுவனத்தின் இயந்திரம் இன்று வந்து தளத்தைப் படித்தது. மெனுவில் இருக்கும் பக்கங்களை மட்டும் அது படிப்பதில்லை. தளத்தின் முழு வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு, எந்த இணைப்பும் இல்லாமல் மூலையில் கிடக்கும் பக்கங்களையும் படிக்கும். வேண்டாத பக்கத்தை ஒதுக்க ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று குறித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அண்ணாச்சி போன்.

"தம்பி, ஒரு சின்ன கோளாறு. மேலூர் கவுன்சிலரோட அப்பா இருக்காரு, முருகேசன். தேடுனா வேற ஒரு அம்மா வருது."

"அவரும் வர்றாருல்ல?"

"வர்றாரு. ரெண்டாவதா வர்றாரு. சரின்னு உசிலம்பட்டி ராக்காயியைத் தேடுனேன், அந்த அம்மா வருது. திருமங்கலம்னு வெறும் ஊரை மட்டும் போட்டேன், அதுக்கும் அந்த அம்மா வருது. யாரு தம்பி இது, வீடு வீடா நின்னுட்டு இருக்கு?"

பார்க்கிறேன் என்றேன்.

"பாருங்க. வர்ற இருபதாம் தேதி கவுன்சிலர் அப்பாவுக்கு முதலாம் ஆண்டு. சொந்தபந்தம் எல்லாம் போனைத் திறந்து தேடும். அப்ப அவருக்கு மேல இந்த அம்மா நின்னா, என்னைய அடிக்க வருவாங்க. அதுவும் எண்பத்தி நாலு வயசு அம்மா."

பிப்ரவரி 12, புதன்

கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் படிவம் செய்து முடித்ததும் மாதிரிக்கு ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது. இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கு வந்த எழுத்தைத் தட்டிவிடுவார்கள், அல்லது வீட்டு ஆட்களின் பெயரைப் போடுவார்கள். சாவு அறிவிப்பில் யார் பெயரைப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அங்கயற்கண்ணி காய் நறுக்கிக்கொண்டே, "என் பேரைப் போடுங்க. எனக்கென்ன," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நகருங்க, நானே சாகுறேன்," என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறைவு: 2071 செப்டம்பர். தை மாதம் என்றால் பொங்கல் வேலை கெட்டுவிடும், சித்திரை என்றால் வருகிறவர்களுக்கு வெயில், புரட்டாசி என்றால் கறி போட முடியாது, ஆகவே ஆவணிக்குள் என்று கணக்குப் பார்த்து செப்டம்பர் முதல் வாரத்தில் போட்டாள். படிவம் வயதைத் தானே கணக்கிட்டு எண்பத்து நான்கு என்றது. "பரவால்ல, போதும்," என்றாள்.

பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்ற இடத்தில் எத்தனை பெயர் கொள்ளும் என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக நிறுத்தாமல் பெயர்களாகத் தட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் கொடுத்தாள். முருகேசன், மேலூர். ராக்காயி, உசிலம்பட்டி. இளம்பரிதி, ஆஸ்திரேலியா. மதுரை மாவட்டத்தில் அவளுக்குப் பேரன் இல்லாத ஊரே இல்லை. படிவம் எல்லாவற்றையும் தாங்கியது. அதைச் சோதிக்கத்தான் அத்தனை பெயர். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவ்வளவு பெயர்கள் யோசிக்காமல் எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை.

எதிர்காலத் தேதியைப் படிவம் மறுத்திருக்க வேண்டும். மூன்று வரி வேலை. அப்போது எழுதவில்லை.

தளம் வெளியானதும் அந்தப் பக்கத்தை மெனுவிலிருந்து எடுத்தேன். அழிக்கவில்லை. எப்போதாவது, "என் பேரப்பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பாள். சௌக்கியம் என்பேன்.

புதியவர்கள் மேலே என்றால், 2071-ஐ விடப் புதியவர் யாரும் இல்லை. கோளாறு இதுதான். தீர்வு: பக்கத்தை அழிப்பது அல்லது தேதியைத் திருத்துவது. ஐந்து நிமிட வேலை.

மதியம் அவள் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். தொடர்பு எண் என்ற இடத்திலும் அவள் தன் எண்ணையே போட்டிருந்தாள்.

"வணக்கங்க. நான் மேலூர் இருளாண்டி. டெப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர்டு. நெட்டுல அறிவிப்பைப் பார்த்தேன். தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு பார்க்குறதில்ல, நெதம் யாராச்சும் ஒருத்தருக்குப் போன் போட்டு ரெண்டு வார்த்தை சொல்லிருவேன். அது ஒரு பழக்கமாப் போச்சு."

"நல்லதுங்க."

"வருசத்தை என்னமோ தப்பா அடிச்சிருக்கான். அச்சாபீஸ்காரன் என்னைக்குச் சரியா அடிச்சான்? விடுங்க. எண்பத்தி நாலு வயசு! பேரன் பேத்தி எத்தனை! படிச்சுக்கிட்டே வர்றேன், முடியவே மாட்டேங்குது. இது கல்யாணச் சாவு தம்பி. கொட்டடிச்சு அனுப்புனீங்களா?"

"இல்லைங்க."

"அடிச்சிருக்கணும். அழக்கூடாது. இப்படி ஒரு சாவு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நிறைஞ்சு வாழ்ந்த மனுசி. நீங்க யாரு, பேரனா?"

"ஆமாங்க," என்றேன்.

"எந்த ஊர்ப் பேரன்?"

"மதுரை."

"கூடவே இருந்த பேரன். குடுத்துவச்சவரு," என்றார்.

வைத்தபின் கத்திரிக்காய் வாங்கி வந்தேன். சமைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலை பத்து மணிவாக்கில் அவள் போன் மறுபடியும் அடித்தது. திரையில் 'போஸ்டர் அண்ணாச்சி' என்று வந்தது. நான் போனை எடுக்காத நாட்களில் அவர் அவளைக் கூப்பிடுவது உண்டு. அவருடைய போனில் அவள் எண் 'வெப்சைட் தம்பி வீடு' என்று இருக்கும். ஒருமுறை அவரே காட்டினார். எடுக்கலாமா என்று நினைப்பதற்குள் இரண்டாவது மணியிலேயே நின்றுவிட்டது.

வீடு வீடாக நிற்கும் அந்த அம்மாவின் குடும்பத்தாரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று அறிவிப்பில் இருந்த எண்ணை அழுத்தியிருப்பார்.

திரும்ப அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மாலை அண்ணாச்சி என் எண்ணுக்கு வந்தார். நேரே விஷயத்துக்கு வருகிறவர், மின்வெட்டைப் பற்றிப் பேசினார். வைகையில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார். கடைசியில்,

"தம்பி, அந்தத் தேடுற சமாச்சாரம்… அவசரம் இல்ல. மெதுவாப் பண்ணுங்க," என்றார்.

பதினோரு வருடமாக அவரைத் தெரியும். 'அவசரம் இல்ல' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. தொழில் அப்படி.

"இருபதாம் தேதி கவுன்சிலர் வீட்ல…"

"மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கிறேன். வெள்ளைக்காரன் கம்பெனி, நாம என்ன பண்ண முடியும்னு சொல்லிக்கிறேன். நீங்க சாப்பிடுறீங்களா ஒழுங்கா?"

சாப்பிடுகிறேன் என்றேன்.

அவர் என் மேல் பழியைப் போடாமல் வெள்ளைக்காரன் மேல் போடுவது தொழில்ரீதியாகச் சரியில்லை. ஆகவே முறைப்படி வெளி நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டேன்: எதிர்காலத் தேதியிட்ட ஒரு பக்கத்தை, தேதியையும் மாற்றாமல், பக்கத்தையும் அழிக்காமல், பிறர் தேடும்போது மட்டும் கீழே வரும்படி செய்ய வழி உண்டா?

பிப்ரவரி 17, திங்கள்

டேனியல் என்பவரிடமிருந்து பதில். மனிதரா இயந்திரமா என்று தெரியவில்லை. என் கேள்வி தமக்கு மிகவும் முக்கியம் என்று மூன்று இடங்களில் சொல்கிறார். எனவே மனிதராக இருக்க வாய்ப்புக் குறைவு.

விஷயம் இவ்வளவுதான். நான் கேட்ட வழி கிடையாது. எதிர்காலத் தேதியுள்ள பக்கம் செல்லாத பக்கம். வரும் வியாழக்கிழமை இயந்திரம் மறுபடி வந்து படிக்கும்போது அப்படிப்பட்ட பக்கங்களை அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். அதன்பின் அதை யாரும், எந்தச் சொல்லாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு முன் தேதியைச் சரிசெய்தால் பக்கம் உரிய இடத்தில் இருக்கும். 'உங்கள் தரவு உண்மையாக இருந்தால் நாங்கள் அதை என்றும் தேடித் தருவோம்' என்று முடித்திருக்கிறார். இந்த நாள் இனிய நாளாக அமையவும் வாழ்த்தியிருக்கிறார்.

நான் ஒன்றுமே செய்யாவிட்டாலும் கவுன்சிலரின் அப்பா தன் இடத்துக்கு வந்துவிடுவார். அண்ணாச்சிக்குப் பிரச்சினை தீரும். எல்லோருக்கும் வசதி. அங்கயற்கண்ணி என்று தேடினால் மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

சோமசுந்தரத்தின் அம்மாவுக்கு ஸ்மார்ட் போன் இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கிறது. நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

துணி துவைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

படிவத்தைத் திறந்தேன். பக்கம் அப்படியே இருக்கிறது. 'பூரண வாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார்' என்று மேலே. சுற்றிலும் மயில் பார்டர். எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அண்ணாச்சி மயில் பார்டர் தருவார். நாற்பதுக்குக் குறைவென்றால் கறுப்புக் கட்டமும் வேறு வாசகமும். ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டாமே என்று, வயதைப் பார்த்துத் தானே மாறும்படி ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்காக அப்போது பாராட்டினார்.

முதலில் பெயர்களை எடுத்தேன். ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்தேன், அதில் ஏதும் காரணம் இல்லை. ராக்காயி, உசிலம்பட்டி. முருகேசன், மேலூர். இளம்பரிதியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். 'துயருறும்' என்பதற்குக் கீழே கணவர் மட்டும் மிஞ்சினார். அங்கே என் பெயரை அவள் எழுதியிருந்தாள். முன்னால் ஒரு 'அன்பு' வேறு சேர்த்திருந்தாள். அது எண்பத்து நான்கு வயது வரை சேர்ந்து இருந்தவருக்கானது. எடுக்கவா வேண்டாமா என்று பார்த்தேன். தரவில் அது பிழை என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டேன்.

பிறகு தேதி. 2071 செப்டம்பரை எடுத்துவிட்டு 2025 ஜனவரி 13 என்று போட்டேன். போகி. காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு இன்னும் மாடியில் நிற்கிறது.

சேமி என்பதை அழுத்தினேன். வயது தானே முப்பத்தேழு ஆயிற்று. மயில்கள் போயின. கறுப்புக் கட்டம் வந்தது. 'பூரண வாழ்வு வாழ்ந்து' என்பது அழிந்து, 'அகால மரணமடைந்தார்' என்று வந்தது. ஒரு சொல்கூட நான் தட்டவில்லை. நிபந்தனை சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியே அந்த மூன்று வரியையும் எழுதி முடித்தேன். இனி 'நெஞ்சில் நிறைந்தோர்' தளத்தில் யாரும் வருங்காலத் தேதியில் இறக்க முடியாது.

சோமசுந்தரத்துக்கு இணைப்பை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இயந்திரம் காலையில் வந்து படித்துவிட்டுப் போனது. முருகேசன் என்று தேடினேன். கவுன்சிலரின் அப்பா முதலில் வந்தார், கல்யாண மண்டபத்துக்குக் கீழே. மதுரை என்று தேடினேன். முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. அதற்குள் இத்தனை பேர் போயிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில், ஓய்வு பெற்ற நடத்துனர் ஒருவருக்கும் பூக்கடைக்காரர் ஒருவருக்கும் நடுவில் இருந்தாள்.

அண்ணாச்சிக்குப் போன் செய்து முடிந்துவிட்டது என்றேன்.

"பார்த்தேன் தம்பி," என்றார். பிறகு, "நல்ல போட்டோ ஒண்ணு கொடுங்க. போஸ்டர் நானே நின்னு அடிக்கிறேன். உங்க தெரு முக்குல நானே வந்து ஒட்டுறேன். அது மேல எவனும் புதுசு ஒட்டாம பார்த்துக்குறேன்."

"அது தொழில் முறை இல்லையே அண்ணாச்சி."

"அட, கெடக்கு முறை," என்றார்.

மாலையில் அவள் போன் அடித்தது. மேலூர் இருளாண்டி.

"தம்பி, நான்தான், டைம்கீப்பர். ஒரு சந்தேகம். இன்னைக்கு வேற யாருக்கோ போன் போடலாம்னு பார்த்துக்கிட்டே வர்றேன், உங்க நம்பர் வருது. அன்னைக்கு எண்பத்தி நாலுன்னு போட்டிருந்துச்சு. இப்ப முப்பத்தி ஏழுன்னு போட்டிருக்கான். அச்சாபீஸ்காரன் மறுபடியும் சொதப்பிட்டான்போல. எது சரி?"

"இதுதாங்க சரி."

"முப்பத்தி ஏழா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தப் பேரப்பிள்ளைங்கல்லாம்?"

"இல்லைங்க."

எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அவர் பக்கத்திலா என் பக்கத்திலா என்று தெரியவில்லை.

"நீங்க பேரன்னு சொன்னீங்களே தம்பி?"

"பேரன் இல்லைங்க. நான் வீட்டுக்காரர்."

அவரிடம் எல்லாச் சாவுக்கும் இரண்டு வார்த்தை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை.

பிறகு போனைச் சார்ஜில் போட்டேன்.